சென்னை–போர்ட் பிளேர் கப்பல்: பக்கத்து பங்க்காரரோடு மூன்று நாள்

அந்தமானுக்கு முதல் முறையாகக் கப்பலில் போகிறவர்கள் என்னிடம் மூன்று கேள்விகள்தான் கேட்பார்கள். வாந்தி வருமா, சாப்பாடு எப்படி, போன் எடுக்குமா? வரும், சுமார், எடுக்காது. யாரும் கேட்காத நாலாவது கேள்வி ஒன்று இருக்கிறது. பக்கத்துப் படுக்கையில் வருகிற மனுஷரை எப்படிச் சமாளிப்பது?

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் நேர்கோட்டில் சுமார் 1,360 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள், கடல் முரண்டு பிடித்தால் அதற்கும் மேலே. ரயிலில் பிடிக்காத ஆள் வந்து உட்கார்ந்தால், விழுப்புரத்தில் இறங்கிவிடுவார் என்ற நம்பிக்கையாவது உண்டு. இங்கே நடுவில் விழுப்புரம் கிடையாது. (போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நான் பழக்கத்தில் போர்ட் பிளேர் என்றே எழுதுகிறேன்.)

என் முதல் பயணத்தில் ஒரு மனிதரை முழுக்கத் தப்பாக எடைபோட்டேன். அதனால் கப்பல் பயண வழிகாட்டியில் வழக்கமாக இருக்கும் சமாசாரங்களோடு இதையும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டும் வேறு வேறு விஷயம் இல்லை என்பது இரண்டாம் நாள் உங்களுக்கே தெரியும்.

டிக்கெட் எடுக்கும்போது

கப்பலுக்குக் கப்பல் கொஞ்சம் மாறினாலும் வகுப்புகள் பொதுவாக இப்படித்தான் இருக்கும்: இரண்டு பேர் தங்கும் டீலக்ஸ் கேபின், நாலு பேர் தங்கும் முதல் வகுப்பு, ஆறு பேர் தங்கும் இரண்டாம் வகுப்பு, அப்புறம் பங்க். பங்க் என்பது பெரிய கூடம். இரும்புச் சட்டத்தில் மேலும் கீழுமாக இரண்டடுக்குப் படுக்கைகள் வரிசையாக இருக்கும். விலை குறைவு, கூட்டம் அதிகம், திரை கிடையாது. பக்கத்தில் இருப்பவர் பல் தேய்ப்பதிலிருந்து கணக்குப் பார்ப்பது வரைக்கும் நம் கண்முன்னேதான் நடக்கும்.

கேட்டுப் பார்க்க முடிந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ் பங்க் கேளுங்கள். கப்பல் சீசா பலகை மாதிரி முன்னும் பின்னும் ஏறி இறங்கும். பலகையின் நுனியில் இருப்பவனுக்கு ஆட்டம் அதிகம், நடுவில் இருப்பவனுக்குக் குறைவு. உயரே போகப் போகவும் ஆட்டம் கூடும். இது தெரியாமல் 'மேல் பங்க்கில் தொந்தரவு இருக்காது' என்று நினைத்து நான் மேலே வாங்கினேன்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வங்காள விரிகுடா ஓரளவு சாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அதன் பிறகு டிசம்பர் வரை புயல் காலம். தேதி முன்னே பின்னே ஆகும். போர்ட் பிளேரில் இறங்கிய அன்றே வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

யாரோடு போகிறோம் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சுற்றுலாப் பயணிகள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் சென்னையில் வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், கல்யாணத்துக்குத் துணி எடுத்தவர்கள், படிக்கிற பிள்ளைகள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். தமிழோடு தெலுங்கும் வங்காளமும் இந்தியும் ஒரே கூடத்தில் கேட்கும். உங்களுக்கு இது வாழ்க்கையில் ஒருமுறை வருகிற கடல் பயணம். அவர்களுக்கு டவுன் பஸ்.

ஏறிய முதல் சில மணி நேரம்

பையைப் பங்க்குக்கு அடியில் தள்ளி, கால் சட்டத்தோடு கயிறு போட்டுக் கட்டுங்கள். கட்டாத பை ராத்திரி தானாக ஊர்வலம் போகும். கதவுகளுக்கு அடியில் இரும்பு வாசற்படி உயரமாக இருக்கும், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க. முதல் நாள் எல்லோரும் அதில் ஒருமுறை கால் இடித்துக்கொள்வார்கள். உயிர்காக்கும் சட்டை எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் கூட வேண்டும் என்று சொல்லிக்காட்டுவார்கள். தூங்காமல் கேளுங்கள். ஏழு குறு ஒலி, கடைசியில் ஒரு நெடு ஒலி அடித்தால் ஆபத்து என்று அர்த்தம்.

அப்புறம், சுற்றியிருக்கும் நாலு பங்க்காரர்களிடமும் நீங்களே முதலில் பேசுங்கள். எந்த ஊர், எங்கே போகிறீர்கள், இவ்வளவு போதும். கரை மறையும் முன்பு இதைச் செய்துவிட வேண்டும். ஏனென்றால் பிறகு உங்களுக்குப் பேசப் பிடிக்காது. நான் செய்யவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேலே ஏறிப் படுத்துவிட்டேன்.

வயிறு எப்படி ஆளை எடைபோடுகிறது

கடல் மயக்கம் என்றால் வாந்தி என்று மட்டும் நினைக்கிறோம். உள்காது 'ஆடுகிறோம்' என்கிறது, கூடத்துக்குள் இருக்கும் கண் 'எதுவும் அசையவில்லை' என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு கெடுகிறது. ஆனால் வாந்திக்கு முன்பே, சில பேருக்கு வாந்தி இல்லாமலேயே, வேறு சில வரும். காரணமில்லாத கொட்டாவி, தூக்கக் கலக்கம், சோம்பல், யாரைப் பார்த்தாலும் எரிச்சல். 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இந்த ஆள்தான் சகிக்கவில்லை' என்று தோன்றினால் பாதிக் காரணம் உள்காதாக இருக்கலாம்.

ஆகவே வயிற்றை முதலில் கவனியுங்கள். கடல் மயக்க மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, கப்பல் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்துதான் வெளியே வரும். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. பொரி, ரஸ்க், உப்பு பிஸ்கட், இஞ்சி மிட்டாய், நார்த்தங்காய் ஊறுகாய் வைத்துக்கொள்ளுங்கள். கேண்டீனில் காசு கொடுத்தால் சோறு கிடைக்கும், ஆனால் முதல் நாள் அந்த வாசனையே பலருக்கு ஆகாது. தலை சுற்றினால் போனைக் கீழே வைத்துவிட்டு மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பாருங்கள்.

டார்வின் பீகிள் கப்பலில் 1831 டிசம்பரில் கிளம்பி 1836 அக்டோபரில்தான் திரும்பினார். கடைசி வரை அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள், அது தனிக்கதை. அவரை இங்கே இழுத்ததற்குக் காரணம் அவருடைய மூக்கு. கேப்டன் ஃபிட்ஸ்ராய்க்கு முகலட்சணத்தில் நம்பிக்கை உண்டு. இந்த மாதிரி மூக்கு இருக்கிறவனுக்கு இவ்வளவு நீண்ட பயணத்துக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இருக்குமா என்று சந்தேகப்பட்டு, முதலில் வேண்டாம் என்று சொல்லிவிடப் பார்த்தார். அந்த மூக்கோடு கிட்டத்தட்ட ஐந்து வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டார். ஃபிட்ஸ்ராய் ஒன்றும் முட்டாள் இல்லை. பிரிட்டனின் வானிலை ஆய்வுத் துறையைத் தொடங்கியவர், புயல் எச்சரிக்கை கொடுக்க வழிசெய்தவர். காற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கே ஆளைப் படிக்கும்போது மூக்கு குறுக்கே வந்திருக்கிறது.

கண்ணால் கண்டது எது, நானாகச் சேர்த்தது எது

என் கீழே எதிர்ப்புறம் இருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். நடு அந்தமானில் ரங்கத் பக்கம் பாக்குத் தோட்டக்காரர். பெரியவர் என்றே சொல்கிறேன். இரண்டாம் நாள் விடிவதற்குள் அவர் மேல் எனக்கு நாலு குற்றச்சாட்டு சேர்ந்துவிட்டது.

ஒன்று, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து டார்ச் அடித்து, பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று உருட்டினார். இரண்டு, வாஷ்பேசினில் யார் குழாயைத் திறந்து வைத்தாலும் பின்னாலேயே வந்து மூடி, ஒரு பாட்டும் விட்டார். மூன்று, தன் பங்க் போதாதென்று அடுத்த கீழ் பங்க்கிலும் பையை வைத்து, போர்வையை மடித்துப் போட்டு இடம் பிடித்திருந்தார். நாலாவதுதான் உச்சம்: கேள்விகள்.

"தம்பி மெட்ராஸ்ல எங்க வேலை? என்ன சம்பளம்? ரூமுக்கு எவ்வளவு குடுக்கிறே? சமைப்பியா, மெஸ்ஸா? காய்ச்சல் கீச்சல்னு படுத்தா யாரு பாக்குறா?"

முகம் தெரியாத ஆள் எதற்கு என் சம்பளத்தைக் கேட்க வேண்டும்? எரிச்சலில் உண்மையைப் போல இரண்டு மடங்கு சொன்னேன். வாடகையெல்லாம் ஒரு பெரிய விஷயமே இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலும் எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. போன் வேலை செய்யாது, நேரம் நிறைய இருக்கும். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் அந்த ஆள் செய்ததை மட்டும், கேமரா பார்த்த மாதிரி எழுதுங்கள். வலது பக்கம் அதற்கு நீங்கள் வைத்த பெயர். 'நாலு மணிக்கு எழுந்தார்' என்பது இடது. 'அடுத்தவன் தூக்கத்தைப் பற்றிக் கவலையில்லாத ஆள்' என்பது வலது. 'அடுத்த பங்க்கில் அவர் பை இருக்கிறது' இடது, 'ஆக்கிரமித்திருக்கிறார்' வலது. எழுதிப் பார்த்தால் இடது பக்கம் சின்னதாகவும் வலது பக்கம் நீளமாகவும் இருக்கும். எனக்கு இந்த யோசனை இறங்கி ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது.

இடது பக்கத்தில் இருப்பவற்றில் பாதிக்குக் கப்பலே காரணம் சொல்லும். போர்ட் பிளேர் சென்னைக்குக் கிழக்கே சுமார் 12 பாகை தள்ளி இருக்கிறது. கடிகாரம் ஒன்றுதான், சூரியன் மட்டும் ஏறத்தாழ 50 நிமிடம் முன்னாலேயே உதிக்கிறது. தீவிலேயே ஆயுசைக் கழித்தவருக்கு நாலு மணி என்பது நம்முடைய ஐந்து மணி. தண்ணீரும் அப்படித்தான். கரையில் ஏற்றிய நல்ல தண்ணீர் தொட்டியில் இருக்கிற அளவுதான் இருக்கும். நூற்றுக்கணக்கான பேர் மூன்று நாள் புழங்க வேண்டும். அவர் மூடிய குழாய்க்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

மிச்சப் பாதிக்குக் காரணம் கேட்டால்தான் தெரியும். கேட்கும்போது 'ஏன் இப்படிச் செய்கிறீர்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள், அது சண்டைக்கு வாசல். "இந்தக் கப்பலில் அடிக்கடி வருவீங்களா ஐயா?" என்று ஆரம்பியுங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாத தீவுக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

புகார் கொடுப்பதற்கு முன்

இரண்டாம் நாள் காலையில் நான் ஊழியர் ஒருவரிடம் போய், ஒரு ஆள் இரண்டு பங்க் பிடித்திருக்கிறார், அதில் எனக்கொன்று கிடைக்குமா என்று கேட்டேன். அவர் வந்தார். பெரியவர் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்தார். இரண்டு டிக்கெட். இரண்டுக்கும் காசு கட்டியிருந்தது. ஊழியர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். நான் ஏணியில் ஏறி மேலே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

மத்தியானம் கடல் மாறியது. ஜூலை மாதம், மாறாமல் என்ன செய்யும்? மேல் பங்க்கில் நான் பட்டதை விவரிக்க வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். சட்டத்தை யாரோ தட்டினார்கள்.

"தம்பி, கீழ வந்து படு. சும்மாதான கெடக்கு."

பையை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டார். போர்வையை விரித்தார். நான் இறங்கிப் படுத்ததும் ஒரு கை பொரியைத் தாளில் வைத்துக் கொடுத்து, ஒவ்வொன்றாகத் தின்னச் சொன்னார். காலையில் நடந்ததைப் பற்றி அப்போதும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. ஆகவே இந்தப் படியை இப்படி எழுதுகிறேன்: புகார் கொடுக்கும் முன் அந்த ஆளிடமே ஒருமுறை நேராகக் கேளுங்கள். "ஐயா, இந்த பங்க்குக்கு ஆள் இருக்காங்களா?" என்ற ஒரு வரியை நான் கேட்டிருந்தால் போதும்.

சண்டையே வந்துவிட்டால் அன்றைக்கே முடித்துக்கொள்ளுங்கள். இதிலும் ஃபிட்ஸ்ராய்தான் உதாரணம். பிரேசிலில் அடிமைமுறையைப் பற்றி வாக்குவாதம் வந்து, டார்வினோடு இனி ஒரே இடத்தில் இருக்க முடியாது என்று கேப்டன் கத்திவிட்டார். விஷயத்தில் டார்வின் பக்கம்தான் நியாயம், அவர் அடிமைமுறையை எதிர்த்தவர். ஆனால் சில மணி நேரத்துக்குள் கேப்டனே ஓர் அதிகாரியை அனுப்பி மன்னிப்புக் கேட்டு, பழையபடி தன்னோடு இருக்கச் சொன்னார். அன்று அவர் வீம்பு பிடித்திருந்தால் மிச்சப் பயணம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எரிச்சல் வேறு, ஆபத்து வேறு

மேலே சொன்ன பொறுமையெல்லாம் எரிச்சலூட்டுகிறவர்களுக்கு மட்டும். குடித்துவிட்டு வம்பு பண்ணுகிறவர், பெண்களிடமோ குழந்தைகளிடமோ தகாத விதத்தில் நடக்கிறவர், பையில் கை வைக்கிறவர், இவர்களுக்குத் தாளும் கோடும் வேண்டாம். உடனே பர்சரிடமோ (கப்பலில் பயணிகளைக் கவனிக்கும் அதிகாரி) கண்ணில் படுகிற முதல் ஊழியரிடமோ போங்கள், சத்தமாகச் சொல்லுங்கள். தனியாகப் போகும் பெண்கள் குடும்பத்தோடு வருகிறவர்கள் பக்கத்தில் பங்க் மாற்றிக்கொள்ளக் கேட்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எனக்குப் பக்கத்து மேல் பங்க்கில் ஒரு பையன் வந்தான். என்ன இனிமையான பேச்சு! நாலு மணிக்கு எழுந்திருக்க மாட்டான், சம்பளம் கேட்க மாட்டான், பெரியவரைக் கிண்டல் செய்யும்போது கூடச் சிரிப்பான். முதல் நாளே ஐந்நூறு ரூபாய் கைமாற்று வாங்கினான். இறங்குகிற கூட்டத்தில் அவனை நான் பார்க்கவே இல்லை. என்னோடு சேர்ந்து எரிச்சல்பட்டதைத் தவிர அவனைப் பற்றி எனக்கு வேறு என்ன தெரியும்?

நம் தாத்தா காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பலில் ஆயிரக்கணக்கான பேர் திறந்த தளத்தில் பாய் விரித்துப் போனார்கள். 1926இல் கட்டிய கப்பல் அது. 1973இல் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது, அடுத்த வருடமே உடைக்கப் போய்விட்டது. பெரியவர் ஊர்ப் பெயர் அந்தக் கப்பலுக்கும் இருந்தது என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. 'எங்க ஊர்ப் பேர்ல கப்பலா!' என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். வழக்கம்போலச் சத்தமாக.

கடைசி இரவும் இறங்கும் காலையும்

கடைசி இரவில் கூடமே கலகலப்பாகிவிடும். வயிறுகள் அடங்கியிருக்கும், மிச்சமிருக்கும் தின்பண்டங்கள் கைமாறும். பேச வேண்டியதைப் பேசிவிட இதுதான் நேரம். நான் அப்போதுதான் கேட்டேன், அந்த இரண்டாவது டிக்கெட் யாருக்கு என்று.

"பையனுக்கு. ஒரு வருசமா மெட்ராஸ்ல இருக்கான். கூட்டிட்டு வந்துரலாம்னு டிக்கெட்டும் போட்டுட்டுப் போனேன். வரலைன்னுட்டான். தோட்டத்துல நிக்க மாட்டானாம்."

"என்ன வேலை செய்றான்?"

"உன்ன மாதிரி ஏதோ ஆபீஸ்தான். சம்பளத்த கேட்டா சிரிக்கிறான்."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம் முதல் நாள் சொன்ன கணக்கை வாபஸ் வாங்கினேன். சம்பளம் 24,000. மூன்று பேர் தங்கும் அறையில் என் பங்கு 5,500. மெஸ்ஸுக்கு 4,500. பஸ், போன், துணி சோப்பு என்று எல்லாம் சொன்னேன். காய்ச்சல் வந்தபோது அறையில் இருந்த பையன் ரசம் வாங்கி வந்து கொடுத்ததையும் சொன்னேன். அவர் மகனுடைய டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதி, கீழே கோடு போட்டுக் கூட்டினார்.

"அவனுக்கு இவ்வளவு வராதுன்னு நினைக்கிறேன். மாசம் நான் ரெண்டாயிரம் அனுப்பினா தாங்குவானா?"

"தாங்குவான்" என்றேன். டிக்கெட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

காலையில் கரை தெரிந்ததும் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். நீங்கள் நிற்காதீர்கள். போர்ட் பிளேர் தெற்கு அந்தமானின் கிழக்குக் கரையில் இருக்கிறது. மேற்கே இருந்து வரும் கப்பல் தீவைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பச்சை மலையைப் பார்த்துக்கொண்டே பல மணி நேரம் போகும். ஹாடோ துறைமுகத்தில் கட்டிய பிறகும் படி இறக்கவும் கூட்டம் கரையவும் நேரம் ஆகும். அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் படி செங்குத்தாக இருக்கும், கப்பலோடு சேர்ந்து லேசாக அசையவும் செய்யும். ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்க வேண்டும், அதனால் ஆளுக்கு ஒரு பைக்கு மேல் வேண்டாம். பெரியவரிடம் இரண்டு இருந்தன. ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன்.